ரெண்டே பேர் இருக்கிற மேடையில கத்தி எதுக்கு தம்பி?

அன்புள்ள தம்பிக்கு,

உன் நாடகத்தைப் படிச்சு முடிச்சுட்டேன். சும்மா கண்ணால ஓட்டல, வசனத்தையெல்லாம் வாய்விட்டு சொல்லிப் பாத்துக்கிட்டே படிச்சேன். போன்ல பேசினா நீ நடுவுல நடுவுல விளக்கம் சொல்ல ஆரம்பிச்சுடுவ, அதான் எழுதுறேன். எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதலாமான்னு கேட்டதுக்கு நீ சரின்னுட்ட, ரெண்டு பேரை மட்டும் வச்சு நாடகம் எழுதுற வேற யாருக்காவது இது உதவினாலும் சந்தோஷம்தான்.

கதை தெரியாதவங்களுக்காக சொல்லிடுறேன். ஒரு அம்மா. அவங்க பொண்ணு மேல காரை ஏத்திக் கொன்னவன் தண்டனை முடிஞ்சு வெளிய வந்து தனியா ஒரு ரூம்ல இருக்கான். ஒரு ராத்திரி அந்தம்மா அங்க வர்றாங்க. அவ்வளவுதான். மூணாவது ஆள் கிடையாது, இன்டர்வெல் கிடையாது, ஃபிளாஷ்பேக் கிடையாது. இந்த தைரியம் எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு.

ஆனா மூணாவது பக்கத்துலயே ஹேண்ட்பேக்ல இருந்து கத்தி வெளிய வந்துடுதேப்பா. அதுக்கப்புறம் பாக்கிறவங்க மனசுல ஒரே கேள்விதான் ஓடும், குத்துவாங்களா மாட்டாங்களா. அதுக்கு ரெண்டே பதில்தான் இருக்கு, எல்லாரும் ரெண்டையும் முதல்லயே யோசிச்சுடுவாங்க, நடுவுல நீ உயிரைக் குடுத்து எழுதின வசனமெல்லாம் அந்தப் பதில் வர்ற வரைக்கும் நேரம் போக்குற மாதிரி ஆயிடும்.

அந்தம்மா எதுக்கு வந்தாங்க? கொல்றதுக்குன்னு நீ சொல்லுவ. எனக்கு அப்படித் தோணல. அந்தப் பொண்ணு கடைசியா உயிரோட இருந்ததைப் பாத்த ஒரே மனுஷன் அவன். கோர்ட்டுல அவன் என்ன சொல்லியிருக்கான், அடிபட்ட உடனேயே உயிர் போயிடுச்சுன்னு. அந்தம்மா அதை நம்பல. வருஷக்கணக்கா நம்பாம இருந்திருக்காங்க. யாரையாவது பறிகொடுத்தவங்க பக்கத்துல உக்காந்து பாத்திருக்கியா, அவங்க திரும்பத் திரும்ப கேக்கிறது ஏன் போச்சுன்னு இல்ல, எப்படி போச்சுன்னுதான். வலிச்சுதா, யாரையாவது தேடினாளா, பக்கத்துல யார் இருந்தா. பழிவெறி அவனை முடிச்சுடுன்னு சொல்லுது, துக்கம் அவனைப் பேச விடுன்னு சொல்லுது. அவனைக் கொன்னா பொண்ணோட கடைசி நிமிஷமும் அவனோடவே போயிடும். அந்தம்மா வெறுக்கிற ஆளும் அவன்தான், அந்தம்மாவுக்கு இந்த உலகத்துல இப்ப தேவைப்படுற ஒரே ஆளும் அவன்தான். உன் நாடகம் இதுதான் தம்பி, இது ஏற்கனவே நீ எழுதினதுக்குள்ளயே இருக்கு, மேல கத்தியும் கத்தலும் மூடிக் கிடக்கு.

31ஆம் பக்கத்தை எடுத்துக்கோ. அவன் வாய் தவறி "தண்ணி கேட்டா"ன்னு சொல்லிடுறான். அப்படின்னா அவ உடனே சாகல, கோர்ட்டுல சொன்னது பொய். அந்த ஒரு வரியைப் படிச்சப்ப எனக்கு உடம்பெல்லாம் ஒரு மாதிரி ஆயிடுச்சு. ஆனா அடுத்த வரியிலயே நீ என்ன பண்ற, அந்தம்மா கத்தியை எடுத்துக்கிட்டு பாய்றாங்க, "பாவி"ன்னு ஆரம்பிச்சு ஒன்றரைப் பக்கத்துக்கு வசனம். வேணாம். அங்க அவங்க பாய மாட்டாங்க. அவங்களுக்கு புதுசா ஏதோ கிடைச்சிருக்கு, இத்தனை வருஷம் கழிச்சு பொண்ணோட வாயில இருந்து ஒரு வார்த்தை வந்திருக்கு. அதை அவ்வளவு சீக்கிரம் விட்டுடுவாங்களா? கேள்வி கேப்பாங்க. சின்னச் சின்னக் கேள்வியா கேப்பாங்க. தண்ணின்னு சொன்னாளா, தண்ணி குடுங்கன்னு சொன்னாளா. குரல் எப்படி இருந்துச்சு. உன்னை என்னன்னு கூப்பிட்டா, அண்ணான்னா, சார்னா. செருப்பு ரெண்டும் கால்ல இருந்துச்சா, எங்கிட்ட ஒண்ணுதான் குடுத்தாங்க. குடுத்தியா. தண்ணி குடுத்தியா. இந்தக் கடைசிக் கேள்வி வர்றதுக்கு குறைஞ்சது மூணு பக்கம் ஆகட்டும், அவன் பதில் சொல்றதுக்கு இன்னொரு பக்கம் ஆகட்டும். ஒருத்தரும் சீட்ல அசைய மாட்டாங்க, எனக்கு அதுல சந்தேகமே இல்ல.

கண்ணகி வழக்காடுற காட்சி நமக்கெல்லாம் தெரிஞ்சதுதான, அதையே யோசிச்சுப் பாரு. சபையில எத்தனை பேர் இருந்தாலும் அது கண்ணகிக்கும் பாண்டியனுக்கும் நடுவுல நடக்கிறதுதான். சிலம்பை உடைச்சதும் மாணிக்கம் தெறிக்குது, நான்தான் கள்வன்னு சொல்லிட்டு ராஜா அங்கயே விழுந்து செத்துப் போறான். வழக்கு ஜெயிச்சாச்சு, ஆனா கோவம் தீரல, எதிர்ல நின்னு பதில் சொல்ல ஆள் இல்ல, அப்புறம்தான் அது மதுரை மேல பாயுது. எதிராளி சட்டுனு காணாமப் போனா துக்கத்துக்கு எவ்வளவு பெரிய இடம் தேவைப்படுதுன்னு பாரு. உங்கிட்ட எரிக்க ஊர் இல்ல, ஒரு ரூம்தான் இருக்கு. அதனால அவன் கடைசி வரைக்கும் உயிரோட, பதில் சொல்ற நிலைமையில இருந்தே ஆகணும்.

அடுத்தது அவன். ரெண்டு பேர் நாடகத்துல நான் முதல்ல கேக்கிற கேள்வி, இந்த ஆள் ஏன் எந்திரிச்சு வெளிய போகல? நீ கதவைப் பூட்டி சாவியை அந்தம்மாகிட்ட குடுத்திருக்க. அது வீக்கான பதில்ப்பா. கதவு திறந்தே கிடக்கட்டும், அவன் போகாம இருக்கட்டும். அவனும் அந்தக் கடைசி நிமிஷத்தைப் பத்தி யார்கிட்டயும் சொன்னதில்ல, வக்கீல்கிட்ட சொல்லல, வீட்டுல சொல்லல. அதைக் கேக்கிறதுக்கு உரிமை உள்ள ஒரே ஆள் இப்ப எதிர்ல நிக்கிறாங்க. சொன்னா செத்துடுவோமோன்னு பயம், சொல்லாட்டி இப்படியே இருக்கணுமேன்னும் பயம். இப்ப உன் டிராஃப்ட்ல அவனுக்கு அழறதும் கெஞ்சறதும் தவிர வேலையே இல்ல, ஒரு நல்ல நடிகன் ரெண்டாவது நாள் ரிகர்சல்லயே தவிச்சுப் போயிடுவான். அவனுக்கும் ஒரு தேவையைக் குடு.

கிரேக்க நாடகத்துல ரெண்டாவது நடிகரைக் கொண்டு வந்தது ஏஸ்கிலஸ்ங்கிற நாடக ஆசிரியர்னு தத்துவ அறிஞர் அரிஸ்டாட்டில் எழுதி வச்சிருக்கார். அதுக்கு முன்னாடி ஒரு நடிகரும், கூட்டமா பாடி ஆடுற கோரஸும்தான். ரெண்டாவது ஆள் வந்ததும்தான் மேடையில ஒரு நடிகர் சொல்றதை இன்னொரு நடிகர் எதிர்ல நின்னு மறுக்க முடிஞ்சிருக்கு. அவங்க நாடகங்கள்ல கொலையெல்லாம் பெரும்பாலும் மேடைக்கு வெளியதான் நடக்கும், சத்தம் கேக்கும், இல்ல ஒருத்தர் வந்து நடந்ததை விவரிப்பார். உன் நாடகத்துல அந்தச் செய்தி சொல்றவனும் கொன்னவனும் ஒரே ஆளு, இதைவிட பெரிய பலம் உனக்கு என்ன வேணும்!

கழுத்தை நெரிக்கிற ஒரு இடம் இருக்கே, அதை எடுத்துடு, எடுக்க மனசில்லன்னா ஒழுங்கா தெரிஞ்ச ஒருத்தரை வச்சு பழகுங்க. நெரிக்கிறவங்க கையில பலமே இருக்கக் கூடாது, அசைவு முழுக்க நெரிபடுறவரோட கட்டுப்பாட்டுல இருக்கணும், அவர் நிறுத்தினா அந்த நொடி நிக்கணும். "உணர்ச்சி வேகத்துல" நடந்ததுங்கிற பேச்சுக்கே இடம் குடுக்காத.

இப்ப ரொம்ப முக்கியமான ஒண்ணு. அம்மா வேஷத்துக்கு நீ கேட்டு வச்சிருக்கிறவங்க சமீபத்துல சொந்தத்துல ஒருத்தரை இழந்தவங்கன்னு சொன்ன, அதனாலேயே பிரமாதமா வரும்னும் சொன்ன. பழைய ஏதென்ஸ்ல போலஸ்னு ஒரு நடிகர், ஒரு கிரேக்க நாடகத்துல எலெக்ட்ராங்கிற பொண்ணா நடிச்சவர். தம்பியோட அஸ்தின்னு நம்பி எலெக்ட்ரா ஒரு கலசத்தைக் கட்டிப்பிடிச்சு அழற காட்சிக்கு, செத்துப்போன தன் சொந்த மகனோட அஸ்திக் கலசத்தையே சமாதியில இருந்து எடுத்துட்டு வந்து நடிச்சார்னு ஆலஸ் கெல்லியஸ்ங்கிற ரோமானிய எழுத்தாளர் எழுதியிருக்கார். இந்தக் கதையை நடிப்பு கத்துக்கிறவங்க ரொம்ப பெருமையா சொல்வாங்க. எனக்கு அந்த மனுஷனை நினைச்சா வயிறு கலங்குது. அவர் தானா எடுத்துட்டு வந்தார், யாரும் எடுத்துட்டு வரச் சொல்லல. நீ டைரக்டரா நின்னு "உங்க வீட்டுல நடந்ததை நினைச்சுக்கோங்க"ன்னு ஒரு நாளும் சொல்லாத. அவங்களுக்கு செய்றதுக்கு வேலை குடு, செருப்பைப் பத்தி கேளுங்க, பதில் வர்ற வரைக்கும் அவன் வாயையே பாருங்கன்னு சொல்லு. மறுநாளும் அதையே திரும்ப செய்ய முடியும். சொந்தக் காயத்தை தினமும் கிளறினா ஒரு கட்டத்துல மரத்துப் போயிடும், இல்ல ஆளே உடைஞ்சுடுவாங்க. கத்தலும் அப்படித்தான், எழுபது நிமிஷம் கத்தினா தொண்டை போயிடும், அழுதுக்கிட்டே பேசினா வார்த்தை கடைசி வரிசைக்குப் போய்ச் சேராது.

முடிவு. கத்தி கீழ விழுது, அந்தம்மா மன்னிச்சுட்டு போறாங்க, லைட் அணையுது. நான் இதை ஒத்துக்க மாட்டேன். ஒரு ராத்திரியில மன்னிக்கிற விஷயமா இது? குத்தினாலும் ஒத்துக்க மாட்டேன். அவன் எல்லாத்தையும் சொல்லி முடிச்சதும் அந்தம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்து, "முதல்ல இருந்து சொல்லு"ன்னு கேட்டா எப்படி இருக்கும்? அவன் மறுபடி ஆரம்பிக்கிறான், இந்தத் தடவை ஒரு விவரம் மாறுது. எது உண்மைன்னு அந்தம்மாவுக்குத் தெரியல. இதை நான் எழுதக்கூடாது, நீதான் எழுதணும், ஆனா இந்தப் பக்கமா கொஞ்சம் போய்ப் பாரு.

மேடை ஏத்துறதுக்கு முன்னாடி ரெண்டு நடிகர்களையும் ஒரு டேபிள்ல எதிரெதிரா உக்கார வச்சு கத்தாம, அழாம முழுசா படிக்கச் சொல்லு, எங்கெல்லாம் இழுக்குதோ அங்கெல்லாம் வெட்டு. வெட்டினதை எனக்கு அனுப்பு, 31ஆம் பக்கத்துல இருந்து ஆரம்பிச்சு படிக்கிறேன்.

அன்புடன்,
அக்கா