மோசல் சரிவிலிருந்து

அன்பு மாப்ள,

கடிதம் கிடைத்தது. பன்னீர் திராட்சைக்கு இந்தத் தடவை நல்ல விலை, சின்னவளுக்கு மதுரையிலேயே சீட். ரெண்டும் சந்தோஷம்.

இங்கே ஜெர்மனியில், ட்ரியரில் குளிர் விட்டுவிட்டது. போன ஞாயிறு மோசல் ஆற்றோரம் ஒரு திராட்சைத் தோட்டத்துக்குப் போனேன். நம்மூர் மாதிரி கல்தூண், பந்தல் எதுவும் இல்லை. சிலேட் கல் சரிவில் வரிசை வரிசையாகக் கொடி, பிடித்துக்கொண்டுதான் ஏற முடிகிறது. இதைவிடச் செங்குத்து, ப்ரெம் ஊரின் கால்மோன்ட் தோட்டம் 60 டிகிரிக்கும் மேல் சரிவாம்!

தோட்டக்காரர் ஒரு பழைய கொடியில் ஒட்டுக் கட்டின இடத்து முடிச்சைக் காட்டினார். நடும்போது தரையை ஒட்டி இருந்தது, இப்போது ஒரு சாண் உயரத்தில் நிற்கிறது. நடுவில் இருந்த மண்ணெல்லாம் ஆற்றோடு போயாச்சு. ஆராய்ச்சிக்காரர்களும் இந்த முடிச்சை வைத்து மண் அரிப்பை அளப்பதுண்டு.

ஐரோப்பிய ஒன்றியத்தில் தண்ணீரால் வரும் மண் அரிப்பு சராசரியாக வருஷத்துக்கு ஹெக்டேருக்கு 2.5 டன் என்று கணக்கு. திராட்சை, ஆலிவ் தோட்டங்களில் 9 டன்னைத் தாண்டுகிறது. ஆனால் 10 டன் மண்ணை ஒரு ஹெக்டேரில் பரப்பினால் ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாது. எவன் கண்ணில் படும்? முதலில் போவது நைஸ் மண்ணும் மக்கும்தான், மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) அதோடு ஒட்டிக்கொண்டு போய்விடும்.

மண் ஓடாமல் இருக்க இந்தத் தோட்டக்காரர் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை புல் வளர்க்கிறார். உழவே இல்லை. அறுத்த புல்லும் கவாத்துக் குச்சியும் அங்கேயே மூடாக்கு. 'இது தோட்டமா, மாட்டுக்கு மேய்ச்சலா?' என்று அப்பா திட்டினாராம். எல்லா வரிசையிலும் புல் விட்டால் வறட்சியில் கொடிக்கான தண்ணீரை அதுவே குடித்துவிடும். 2018, 2022 கோடைகளில் அனுபவித்திருக்கிறார்கள்.

உன் காடு சமதரை. மண் ஓடுவதைவிட, வாய்க்கால் பாய்ச்சலில் யூரியாச் சத்து வேருக்குக் கீழே இறங்குவதுதான் எனக்குக் கவலை. யூரியாவின் தழைச்சத்து (நைட்ரஜன்) நைட்ரேட்டாக மாறிவிட்டால் மண்ணில் தங்காது, தண்ணீரோடு கிணற்றுக்குப் போய்ச் சேரும். பந்தல் நிழலில் புல் சரியாக வராது என்பாய். சரிதான். ஆனால் கவாத்து முடிந்ததும் பந்தல் மொட்டையாக நிற்குமே, அப்போது சணப்புப் பசுந்தாள் விதைத்து, நிழல் கட்டுமுன் அறுத்துப் போட்டால் என்ன? ஆனைமலையான்பட்டி திராட்சை ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, முதலில் ரெண்டு வரிசையில் மட்டும் செய்.

சொட்டுநீர் மானியம் என்ன ஆச்சு? எழுது. ஆடியில் வருகிறேன். கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்து ரிசல்ட்டை வாங்கி வை, சேர்ந்து பார்க்கலாம்.

உன் கூட்டாளி