அரசின் இரண்டு கணக்குகளையும் அருகருகே வையுங்கள்

மதிப்பிற்குரிய கண்காட்சிக் குழுவினருக்கு,

வணக்கம். இனப்படுகொலைகள் குறித்துத் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நீங்கள் நடத்தவிருக்கும் கண்காட்சிக்காக நாங்கள் ஒப்படைத்த, இலங்கையின் வடக்கிலுள்ள வன்னிப் பகுதியின் போர்க்கால ஆவணங்களை, ‘ஒரு தரப்பின் கூற்று’ என்ற குறிப்போடு திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள். எந்தத் தரப்பு என்பதை மட்டும் எழுதவில்லை. அவை இலங்கை அரசின் சொந்தக் கச்சேரிகளில், அதாவது மாவட்டச் செயலகங்களில், எழுதப்பட்டவை.

2008 அக்டோபரில் வன்னியில் 4,29,059 பேர் இருந்ததாகக் கிளிநொச்சி, முல்லைத்தீவுக் கச்சேரிகள் பதிவு செய்திருந்தன. போர் முடிந்தபின், 2009 ஜூலை வரை அரசுக் கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் வந்து சேர்ந்தோர் 2,82,380 பேர் என்று ஐ.நா. குறித்தது. எஞ்சிய 1,46,679 பேர் என்ன ஆனார்கள் என்றுதான் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு அவர்கள் 2011 சனவரியில் இலங்கை அரசு அமைத்த நல்லிணக்க ஆணைக்குழுவிடம் கேட்டார். அத்தனை பேரும் கொல்லப்பட்டார்கள் என்று நாங்களும் அடித்துச் சொல்லவில்லை, கணக்குக் கேட்கிறோம்.

எங்கள் மனத்தை அறுப்பது வேறொன்று. 2009 பெப்ரவரியில் போர்ப்பகுதியில் ஏறத்தாழ 70,000 பேரே இருப்பதாகக் கொழும்பு அறிவித்தது. அரிசியும் மருந்தும் அந்த எண்ணுக்கேற்பக் குறுகின. எண்ணப்படாத பிள்ளைக்குக் கஞ்சி இல்லை. எண்ணப்படாத காயத்துக்கு மயக்க மருந்து இல்லை. மயக்க மருந்தின்றியே மருத்துவர்கள் கைகால்களை அகற்ற வேண்டியிருந்தது. மக்கள்தொகையை அரசு வேண்டுமென்றே குறைத்துக் காட்டியது என்று ஐ.நா. நிபுணர் குழு 2011இல் எழுதியது. ஒரே அரசின் ஒரு மேசை நான்கு இலட்சத்துக்கும் மேல் என்று எழுதிவைத்திருக்க, சில மாதங்களில் இன்னொரு மேசை எழுபதாயிரம் என்று சொன்னது என்றால், அந்த இடைவெளியையே ஆவணமாகப் படிக்க வேண்டும். ஒரு மக்கள் குழுவை அழிக்கும் வாழ்நிலைகளை வேண்டுமென்றே சுமத்துவதும் இனப்படுகொலையே என்று 1948ஆம் ஆண்டு ஐ.நா. இனப்படுகொலை உடன்படிக்கையின் இரண்டாம் பிரிவு கூறுகிறது. நோக்கத்துக்குச் சான்று எங்கே என்று கேட்போர் முதலில் பார்க்க வேண்டியது இந்த இரு தாள்களைத்தான்.

அரசுப் பதிவேடுகளை நம்பலாமா என்று எங்களிடம் கேட்பதுதான் வேடிக்கை. 1860 முதல் 1911 வரை, டர்பன் அமைந்த இந்த நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்ட எங்கள் பாட்டன் பூட்டன்மாரின் ஊரும் பெயரும் உடல் அடையாளமும் எங்களுக்குக் கிடைத்ததே குடியேற்ற அரசின் கப்பல் பட்டியல்களிலிருந்துதான். கூலிக்கணக்குக்காக எழுதியதை நாங்கள் குடும்ப வரலாறாகப் படித்தோம். அப்போது யாரும் ‘ஒரு தரப்பு’ என்று தடுக்கவில்லை. 2023 டிசம்பரில் காஸா தொடர்பாக இஸ்ரேலுக்கு எதிராக ஹேக்கிலுள்ள பன்னாட்டு நீதிமன்றத்துக்குப் போன நம் தென்னாப்பிரிக்காவும், எதிர்த்தரப்பு அதிகாரிகளின் சொற்களையே நோக்கத்துக்குச் சான்றாக அடுக்கியது. ஹேக்கில் சொல்லத் துணிந்ததை டர்பனில் ஒரு கண்ணாடிப் பேழைக்குள் வைக்கத் தயக்கமா?

கடுமை தெரிந்தால் பொறுத்தருள்க. தீர்ப்பு எழுதும்படி உங்களை நாங்கள் வேண்டவில்லை. கச்சேரிக் கணக்கையும் கொழும்பின் அறிவிப்பையும், தேதியோடும் மூலத்தோடும், அருகருகே வையுங்கள். மறுப்பு உண்டென்றால் அதையும் கீழே எழுதுங்கள். முடியாதென்றால், காரணத்தை எழுத்தில் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
டர்பன் தமிழர் சிலர்