பேத்தி வரைந்த வேலி

அன்பு நண்பனுக்கு,

வணக்கம். நலம், நலமறிய ஆவல். வலக்கண்ணில் புரை எடுத்த பிறகு கோடுகள் பழையபடி துல்லியமாகத் தெரிகின்றன. மீண்டும் பென்சிலைக் கையில் எடுத்துவிட்டேன்.

காங்கேயத்துத் தோட்டத்தில் கிளுவைச் செடி உயிர்வேலி போய்க் கல்தூண்கள் நட்ட கல்கால் வேலி வந்துவிட்டதை, உன் பேத்தி வரைந்து அனுப்பிய படத்தைப் பார்த்துத்தான் அறிந்தேன். கிளுவை போனதில் எனக்கு வருத்தமே. ஆனால், வரையப் பழகும் பிள்ளைக்கு ஒரே உயரத்தில் வரிசையாக நிற்கும் கல்கால்களைவிட நல்ல பாடம் கிடைக்காது. தூரம் போகப் போகக் கால்கள் சிறுத்துப்போவதைச் சரியாகக் கவனித்தவள், அவற்றின் இடைவெளியை மட்டும் கடைசிவரை ஒரே அளவாக விட்டுவிட்டாள். அதனால்தான் வேலி தொலைவுக்குப் போகாமல், பக்கத்திலேயே குட்டையாகிக்கொண்டு போவதுபோல் தெரிகிறது.

முதலில் கண்மட்டக் கோட்டை, அதாவது பார்ப்பவரின் கண் உயரத்தைக் காட்டும் படுக்கைக் கோட்டை, போடச் சொல். பென்சிலைக் கண்ணுக்கு நேராகப் படுக்கைவாக்கில் பிடித்தால் அது எங்கே விழுகிறதென்று தெரிந்துவிடும். சமதரையில், தரைக்கு மேல் 5 அடி நிற்கும் கல்கால்களை 5 அடி உயரத்தில் கண்ணுள்ளவர் நின்று பார்த்தால், எல்லாக் கால்களின் உச்சியும் அந்தக் கோட்டிலேயே அமையும். கட்டிலில் உட்கார்ந்து பார்த்தாலோ உச்சிகள் கோட்டுக்கு மேலேறி, தூரம் போகப் போக அதை நோக்கி இறங்கிவரும். வேலி போய் மறையும் இடத்தை அந்தக் கோட்டின் மேல் புள்ளியாக வைத்து, அங்கே ஒரு குண்டூசியைக் குத்தி நூல் கட்டச் சொல். தாளுக்கு வெளியே புள்ளி விழுந்தால், தாளைப் பெரிய பலகையில் ஒட்டிக்கொண்டு பலகையிலேயே குத்தலாம்.

முதல் காலின் உச்சி, நடு, அடி ஆகிய மூன்றிலிருந்தும் நூல் பிடித்து, அந்தப் புள்ளிவரை 2எச் என்னும் கடினமான, மெலிதாக எழுதும் பென்சிலால் அழுத்தாமல் கோடிழுக்க வேண்டும். இரண்டாம் காலைக் கண்ணளவில் நிறுத்தலாம். பிறகு, முதல் காலின் உச்சியிலிருந்து இரண்டாம் காலின் நடுவைத் தொட்டுக்கொண்டு போகும் குறுக்குக்கோடு, அடியிலிருந்து இழுத்த கோட்டை எங்கே வெட்டுகிறதோ, அதுவே மூன்றாம் கால் நிற்கும் இடம். செவ்வகத்தின் மூலைவிட்டம் எப்போதும் அதன் நடுவழியாகவே போகும் என்பதால் இது பிசகாது. அடுத்தடுத்த கால்களுக்கும் இதே வழிதான். இடைவெளி தானாகவே குறுகிக்கொண்டு போகும்.

பிளாரன்ஸ் நகரத்து ஓவியர்களுக்காக இத்தாலிய அறிஞர் ஆல்பர்ட்டி 1435இல் எழுதியபோதும், கட்டம் போட்ட தரையைச் சரிபார்க்க மூலைவிட்டத்தையே நம்பினார்: பல கட்டங்களின் மூலைகளை ஒரே நேர்கோடு தொட்டுச் சென்றால் அளவு சரி. பாப்பாவிடம் இதையும் சொல், ஆசையாகக் கேட்பாள்.

உதவிக்கோடுகளை அழிக்காமல் அடுத்த படத்தை அனுப்பச் சொல். எங்கே பிசகியது என்று அவற்றைப் பார்த்துத்தான் என்னால் எழுத முடியும். தங்கையை விசாரித்ததாகச் சொல்.

இப்படிக்கு,
உன் அன்பு நண்பன்,
பொள்ளாச்சி