ஏலக்காய் விளம்பரமும் எங்கள் ஊர்க் கோப்பையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஓசூர் வழியாக வரும் வண்டிகளில் குட்கா மூட்டைகள் பிடிபட்ட செய்தியை உங்கள் நாளிதழில் அடிக்கடி படிக்கிறோம். தமிழகத்தில் 2013 முதல் அதற்குத் தடை. அதே வீட்டில் இரவு ஐபிஎல் போட்டால், பான் மசாலாவுக்குப் பேர்போன கம்பெனிகள் 'ஏலக்காய்' விற்கின்றன. ஏலக்காய்க்கு இத்தனை சினிமா நட்சத்திரங்கள் எதற்கு? மதுபானக் கம்பெனிகளும் சோடா, இசைத்தட்டு என்று அதே பெயரில்தான் வருகின்றன. இந்த மறைமுக விளம்பரங்களையும் நிறுத்தச் சொல்லி மத்திய சுகாதாரத் துறை 2025 மார்ச்சில் ஐபிஎல் தலைவருக்குக் கடிதமே எழுதியது.

பணம் வைத்து ஆடும் செயலிகள் கதை இன்னும் வேடிக்கை. 2020இல் ட்ரீம்11 தொடருக்கே பெயர் கொடுத்தது. 2023இல் இந்திய அணியின் சட்டைக்கு வந்தது. 2025 ஆகஸ்டில் இந்த ஆட்டங்களைத் தடை செய்து நாடாளுமன்றம் சட்டம் போட்ட பிறகுதான் கிரிக்கெட் வாரியம் அதைக் கைவிட்டது. அடுத்த மாத டெண்டரில் சூதாட்டம், மது, புகையிலை கூடாது என்று நிபந்தனையும் போட்டார்கள். சரி, சட்டைக்குக் கூடாதது ஓவர் இடைவெளியில் மட்டும் எப்படிக் கூடும்?

எங்கள் ஊர் பொங்கல் போட்டிக்கு பார் நடத்துபவர் ஒருவர் கோப்பை தர முன்வந்தார். சின்னப் பையன்கள் விளையாடும் இடம், வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். அப்புறம் மாம்பழ மண்டிக்காரர் தந்தார், கொஞ்சம் சின்னக் கோப்பைதான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்