புகார்: உங்கள் கையேட்டை நம்பிக் கெட்டுப்போன 12 எலிக்கிட்டிகள்

அனுப்புநர்: நெல் விவசாயி, மன்னார்குடி வட்டம், திருவாரூர் மாவட்டம்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

ஐயா,

வயலில் எலி பிடிக்கச் சென்ற மாதம் உங்களிடம் 60 இரும்பு எலிக்கிட்டி (எலிப்பொறி) வாங்கினேன். ஒன்று 85 ரூபாய். பில் நகல் இணைத்திருக்கிறேன். எங்கள் பக்கம் மூங்கில் கிட்டிதான் வழக்கம். அதைக் கட்டித்தர ஆள் கிடைக்கவில்லை, அதனால்தான் இரும்புக்கு வந்தேன்.

பெட்டியைப் பிரித்ததும் மெக்கானிக் கடைக்குள் நுழைந்த மாதிரி வாடை. துருப் பிடிக்காமலிருக்க எண்ணெய் தடவி அனுப்புகிறீர்கள், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வாடை இருந்தால் எலி கிட்டியை அண்டாது. வாடை போக என்ன செய்வது என்று கையேட்டைப் பார்த்தேன். இரண்டாம் பக்கத்தில், "நெருப்பில் நன்கு காட்டி, புகை அடங்கியதும் எடுத்து ஆறவிடவும்" என்று இருக்கிறது. அச்சடித்துக் கொடுத்தவர்களுக்குத் தெரியாமலா இருக்கும் என்று நம்பி, 12 கிட்டிகளை விறகடுப்புத் தணலில் போட்டு எடுத்தேன்.

முதல் நாள் காய்ந்த அகத்திக்குச்சியைப் பட்டென்று ஒடித்த கிட்டி, ஆறிய பிறகு அதைச் சும்மா கவ்விக்கொண்டு நின்றது. இருந்தாலும் வரப்பில் வைத்துப் பார்த்தேன். காலையில் ஒரு கிட்டி வைத்த இடத்திலிருந்து நாலு முழம் தள்ளிக் கிடந்தது. பல்லில் கொஞ்சம் சாம்பல் நிற முடி, எலியைக் காணோம். ஊர்ப் பட்டறை ஆசாரியிடம் காட்டினேன். "ஸ்பிரிங்கைப் பழுக்க விட்டுத் தானா ஆறவிட்டா முறுக்கு எங்கே நிக்கும்?" என்று சிரித்தார்.

மிச்சம் 48ஐ என் வழியில் செய்தேன். சலவை சோடா போட்ட தண்ணீரில் கொதிக்கவைத்துக் கழுவி, நாலு நாள் பனியில் போட்டு லேசாகத் துரு பூக்க விட்டேன். அப்புறம் இடித்த கடுக்காயோடு ஒரு மணி நேரம் கொதிக்கவைத்தேன். கடுக்காயின் துவர்ப்பு துருவோடு சேர்ந்தால் இரும்பு மை போலக் கறுத்துவிடும், அந்தக் காலத்தில் எழுதுகிற மையே இப்படித்தான் செய்தார்கள். கொதிக்கிற தண்ணீர்ச் சூட்டில் ஸ்பிரிங்குக்கு ஒன்றும் ஆகாது. ஒரு வாரம் புங்கமரத்தில் தொங்கவிட்டு, வெறுங்கை படாமல் எடுத்து வைத்தேன். அந்த 48உம் இன்றுவரை நன்றாக வேலை செய்கின்றன. ஆக, உங்கள் சரக்கில் பழுதில்லை, கையேட்டில்தான் பழுது.

உங்கள் சேவை எண்ணில் பேசிய பெண், "தீயில் வைத்தால் வாரண்டி கிடையாது சார்" என்றார். பாவம், அவர் சொன்னது சரிதான், நாலாம் பக்கத்தில் அப்படித்தான் இருக்கிறது. இரண்டாம் பக்கம் போடச் சொல்கிறது, நாலாம் பக்கம் போட்டால் போச்சு என்கிறது.

மேட்டூர் ஜூன் 12இல் திறந்தால் எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வர அதிக நாள் ஆகாது. நாற்று விடுவதற்கு முன்பே எலியைக் குறைக்காவிட்டால், பயிர் பொதி கட்டும்போது (கதிர் வெளிவருவதற்கு முன்) தூரோடு அறுத்துப் போட்டுவிடும். ஆகவே 15 நாட்களுக்குள் 12 புதுக் கிட்டிகள் அனுப்புங்கள், அல்லது 1,020 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். அந்த இரண்டாம் பக்கத்தையும் மாற்றுங்கள். கெட்டுப்போன 12உம் சாக்கில் கட்டி வைத்திருக்கிறேன், ஆள் அனுப்பினால் கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்