பாட்டில் முனை

பாப்பாவுக்கு,

எழுத்து கோணலாக இருந்தால் கண்ணைக் குறை சொல்லாதே. என் எழுத்து என்றைக்குமே இப்படித்தான். வலி போய்விட்டது. நேற்று டாக்டர் மறுபடியும் ஆரஞ்சு நிற மருந்தைக் கண்ணில் விட்டு, நீல வெளிச்சம் அடித்துப் பார்த்தார். உரிந்த இடம் இருந்தால் பச்சையாக மின்னுமாம். போன தடவை மின்னியது, இந்தத் தடவை ஒன்றுமில்லை. கீறல் கருவிழியின் மேல்தோலோடு நின்றுவிட்டது, கண்புரை ஆபரேஷனில் உள்ளே வைத்த லென்ஸுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆனால் அந்த முதல் நாள் காலை இருக்கிறதே! கருவிழியில் ரத்தக்குழாயே கிடையாது, நரம்பு மட்டும் அவ்வளவு நெருக்கமாம். ஒவ்வொரு இமைப்புக்கும் மணலைப் போட்டுத் தேய்த்த மாதிரி. ஆஸ்பத்திரியில் மரத்துப்போக ஒரு சொட்டு விட்டார்கள், அப்பாடா என்றிருந்தது. வீட்டுக்கும் ஒரு பாட்டில் கேட்டேன். தரமாட்டார்களாம், திரும்பத் திரும்ப விட்டால் புண் ஆறாதாம்.

நீ கண்ணைக் கசக்காதே. நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறாய், இமைக்கவும் மறந்துவிடுவாய். சின்ன வயதிலிருந்தே உனக்குக் கசக்குகிற பழக்கம். வேண்டாம்.

தம்பி நேரம் தவறாமல் மருந்து விடுகிறான். ஒரு சொட்டுக்கும் அடுத்த சொட்டுக்கும் ஐந்து நிமிடம், போனில் அலாரம் வைத்திருக்கிறான். ராத்திரிக்குக் களிம்பு. இப்போதெல்லாம் பாட்டிலை ஒரு சாண் உயரத்தில் பிடிக்கிறான், பாதி மருந்து கன்னத்தில் வழிகிறது. அன்றைக்கு நீ போனில் பேசிய பேச்சு அப்படி. அவ்வளவு தூரத்திலிருந்தும் அப்பாவுக்காகத் துடிக்கிறாளே என்று எனக்குப் பெருமைதான், இல்லையென்று சொல்லவில்லை. அதற்காக, கூட இருந்து பார்ப்பவனை அப்படியா பேசுவது? அவன் உன் பேரையே எடுப்பதில்லை. நீயும் எடுப்பதில்லை.

முனை படவே இல்லை பாப்பா.

தூங்கும்போது கண்ணுக்கு மேல் ஒட்டுகிற பிளாஸ்டிக் மூடியை நான்தான் பிய்த்தேன். கழற்றக் கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அரித்தது. நடு ராத்திரியில் விரல் முட்டியால் நன்றாகத் தேய்த்தேன், சுகமாகக்கூட இருந்தது. விடிந்தால் கண் திறக்கவில்லை. "நான் விடும்போது முனை பட்டுச்சாப்பா?" என்று அவனாகத்தான் கேட்டான். "பட்ட மாதிரிதான் இருந்தது" என்றேன். உன்னிடமும் அதையே சொன்னேன். நீ கத்தியபோது பக்கத்தில்தான் இருந்தேன், வாயைத் திறக்கவில்லை. மாடிக் கண்ணாடி உடைந்த அன்றும் இப்படித்தான் இருந்தேன். அம்மா மட்டும் கண்டுபிடித்துவிட்டாள்.

டாக்டரிடம் நேற்று சொல்லிவிட்டேன். தம்பியிடம் இன்னும் இல்லை. எட்டு மணி மருந்துக்கு வருவான், அப்போது சொல்லப்போகிறேன். நாளைக்கு நீ அவனுக்குப் போன் பண்ணு. எனக்கு வேண்டாம், நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

கண்ணைக் கசக்காதே.

அப்பா