போஷாம்ப் அல்ல, பீச்சம்

ஆசிரியருக்கு,

ஞாயிறு இணைப்பில் வந்த லண்டன் பயணக் கட்டுரையில், ‘டவர் ஆஃப் லண்டன்’ கோட்டையில் உள்ள Beauchamp கோபுரத்தின் பெயர் ‘போஷாம்ப் கோபுரம்’ என்று அச்சாகியிருந்தது. 1397இல் இரண்டாம் ரிச்சர்ட் மன்னர் சிறைவைத்த வார்விக் பிரபு தாமஸின் குடும்பப் பெயரே அந்தக் கோபுரத்துக்கு. அதை ஆங்கிலேயர் ‘பீச்சம்’ என்றே சொல்வர். பிரெஞ்சில் ‘போ’ என்றால் அழகிய, ‘ஷான்’ என்றால் வயல். பழைய லத்தீன் ஆவணங்களிலும் ‘தே பெல்லோ காம்போ’ என்று அதே பொருளில்தான் இருக்கிறது. ‘பீச்சம்’ என்பதை ஆங்கிலேயரின் கொச்சை என்று ஒதுக்கவும் முடியாது. 1066இல் பிரான்ஸின் நார்மண்டியிலிருந்து வந்து இங்கிலாந்தைக் கைப்பற்றிய நார்மானியர் கொண்டுவந்த பிரெஞ்சில் ‘ச்ச’ என்றே ஒலித்த ‘ch’, பிற்பாடு பிரான்ஸில்தான் ‘ஷ’ ஆனது. அந்தப் பழைய ஒலியை இங்கிலாந்து விடவில்லை. (உயிரெழுத்தைச் சிதைத்தது மட்டும் அவர்கள் கைங்கரியம்!)

சில ஆண்டுகளுக்கு முன் அங்கே போயிருந்தபோது, கருநீல உடுப்பில் நின்ற காவலரிடம் நானும் ‘போஷாம்ப்’ எங்கே என்றுதான் கேட்டேன். இரண்டாம் முறை கேட்டும் அவருக்குப் பிடிபடவில்லை. வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டியதும், “ஓ, பீச்சம்!” என்று சிரித்தபடி வழிகாட்டினார். எழுத்துக்கூட்டிப் படித்து அச்சேற்றாமல், அந்தந்த ஊரார் சொல்லும் ஒலியிலேயே பெயர்களைத் தமிழில் தரலாமே. அதற்கென ஆசிரியர் குழு ஒரு சிறு பட்டியல் வைத்துக்கொள்ளட்டும். ‘போலியு’ என்று எழுதத் தோன்றும் ஊர் ‘பியூலி’, ‘பெல்வாய்ர்’ கோட்டை ‘பீவர்’ என்று அதைத் தொடங்கலாம்.

— ஒரு வாசகர், திருச்சி